பெட்ரூமுக்கு முதல் மியூசிக் சிஸ்டம், கம்மி பட்ஜெட்ல: அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாட்டு கேக்க ஒரு நல்ல செட் போடணும்னு நெனைக்கிறவங்க யாராச்சும் ஒருத்தர் மாசத்துக்கு ஒருக்காவாவது என்னைப் புடிச்சிடுறாங்க. கேள்வி எல்லாம் திரும்பத் திரும்ப அதேதான், சொல்லிச் சொல்லி எனக்கே போரடிச்சுப் போச்சு, அதனால ஒரே எடத்துல எழுதி வச்சிடுறேன். நான் இன்ஜினியர் எல்லாம் இல்ல, தப்பான சாமான வாங்கி, நஷ்டத்துக்கு வித்து, மறுபடி வாங்கி, அப்படியே கத்துக்கிட்ட ஆளு. இது சின்ன ரூமுக்கு மட்டும், ஹாலுக்கு இல்ல, சினிமா பாக்குற செட்டுக்கும் இல்ல.

கேள்வி: கையில இருக்குற காசை எப்படிப் பிரிக்கிறது?

பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குப் போகட்டும். மத்த சாமான் எல்லாம் சிக்னலை கரண்ட்டாவே வாங்கி கரண்ட்டாவே வெளிய அனுப்புது, அதுல பெருசா கெட்டுப்போக ஒண்ணுமில்ல. ஸ்பீக்கர் ஒண்ணுதான் கரண்ட்டை வாங்கி காத்தை அசைக்குது, தப்பு நடக்குறதே அங்கதான். சுமாரான ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபையர், சிக்னலைப் பெருசாக்கி ஸ்பீக்கரை ஓட்டுற டப்பா) கூட டிஸ்டார்ஷன், அதாவது ஒலி கெடுற அளவு, 0.1 சதவீதத்துக்குக் கீழ வந்துடும், ஆனா நல்ல ஸ்பீக்கருக்கே பாஸ் (கீழ் சுருதி, தடதடங்குற சத்தம்) பக்கம் சத்தம் ஏத்தினா சில சதவீதம் போயிடும். மிச்ச காசுல பெரும்பகுதி ஆம்ப், கொஞ்சூண்டு வயருக்கும் ஸ்டாண்டுக்கும். பாட்டு ஓட்ட புதுசா எதுவும் வாங்காதீங்க, உங்க போனோ பழைய லேப்டாப்போ போதும்.

இன்னொண்ணு, காசே கேக்காத பாதி வேலை ஒண்ணு இருக்கு, ஸ்பீக்கரை வைக்கிற எடம். கீழ அதைப்பத்தி நெறைய எழுதியிருக்கேன். வேற எதைப் படிக்காட்டியும் அதைப் படிச்சிடுங்க.

கேள்வி: எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர் பெட்டி? ஒரு நல்ல ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினா முடிஞ்சுதே?

வேலை பாத்துக்கிட்டே பின்னாடி பாட்டு ஓடணும், அவ்வளவுதான்னா அதுவே போதும், இதுக்கு மேல படிக்கவே வேணாம். உக்காந்து கேக்கணும்னா ரெண்டு பெட்டி வேணும். பாடுறவர் நடுவுல நிக்கிற மாதிரி, வீணை இடது பக்கமும் தபலா வலது பக்கமும் இருக்குற மாதிரி ஒரு படம் மனசுல விழுறது ரெண்டு காதுக்கும் வர்ற சின்னச் சின்ன வித்தியாசத்தாலதான். ஒரே டப்பாக்குள்ள ரெண்டு ஸ்பீக்கரையும் பத்து சென்டிமீட்டர் தள்ளித் தள்ளி வச்சா அந்தப் படம் விழாது, டப்பா எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் சரி.

கேள்வி: ஆக்டிவ் ஸ்பீக்கரா, பேசிவ் ஸ்பீக்கரும் ஆம்ப்பும் தனித்தனியாவா?

ஆக்டிவ்னா ஆம்ப் பெட்டிக்குள்ளயே இருக்கும், பிளக்கைச் சொருகி போனை மாட்டினா வேலை முடிஞ்சுது. எடம் கம்மி, வயர் கம்மி, எதுக்கு எது பொருந்தும்னு மண்டையை உடைக்க வேணாம். புதுசாத்தான் வாங்குவேன், நோண்ட ஆசை இல்லன்னா இதையே எடுங்க. தனித்தனியா வாங்குறதுல சுகம் என்னன்னா ஒண்ணு ரிப்பேர் ஆனா அதை மட்டும் மாத்தலாம், ஸ்பீக்கரை மட்டும் பெருசாக்கலாம், செகண்ட் ஹேண்ட்ல பொறுக்கி எடுக்கலாம். நாப்பது வருஷத்துப் பேசிவ் ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கிட்டு இருக்கு, ஆனா ஆக்டிவ் பெட்டிக்குள்ள இருக்குற போர்டு போச்சுன்னா பல தடவை ரெண்டு பெட்டியும் சேந்து போச்சுன்னு அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை, ஸ்டுடியோ மானிட்டர்னு விக்கிற ஆக்டிவ் பெட்டிங்க காசுக்கு நல்ல சத்தம்தான், ஆனா சில மாடல்ல பாட்டு ஓடாதப்பவும் ட்வீட்டர்ல (மேல் சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) இருந்து மெல்லிசா ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். கடையில அந்தச் சத்தத்துக்கு நடுவுல கேக்காது. ராத்திரி தலைமாட்டுல வச்சீங்கன்னா அது ஒண்ணுதான் கேக்கும்.

கேள்வி: எத்தனை வாட்ஸ் வேணும்? நண்பன் 200க்குக் கொறைஞ்சு வாங்காதேங்குறான்.

நண்பர் கல்யாண மண்டபத்துக்கு செட் போடுறார் போல. பெட்டியோட பேப்பர்ல சென்சிடிவிட்டின்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, 86 டெசிபெல்னு இருக்குன்னு வைங்க. 8 ஓம்ஸ் (ஓம்ஸ்னா ஸ்பீக்கர் கரண்ட்டைத் தடுக்குற அளவு) ஸ்பீக்கர்னா அதுக்கு ஒரே ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல 86 டெசிபெல் கேக்கும்னு அர்த்தம். ரெண்டு பெட்டி ஓடுது, நீங்க ரெண்டு மீட்டர் தள்ளி உக்காந்திருக்கீங்க, கூட்டிக் கழிச்சாலும் பெட்டிக்கு ஒரு வாட்ல 80க்கு மேல வந்துடும். அதுவே பக்கத்து ரூம்ல இருக்குறவங்க கதவைத் தட்டுற சத்தம். பாட்டுல சட்டுனு டிரம் அடிக்கிறப்ப சராசரியை விட 15, 20 டெசிபெல் எகிறும், அதுக்குக் கொஞ்சம் கையிருப்பு வேணும், அவ்வளவுதான். நெஜமான 20 இல்ல 30 வாட்ஸ் சின்ன ரூமுக்கு தாராளம்.

கணக்கு இப்படித்தான் போகும்: வாட்ஸை ரெண்டு மடங்காக்கினா 3 டெசிபெல்தான் ஏறும், அது காதுக்கு லேசா கூடின மாதிரி தெரியும். சத்தம் ரெண்டு மடங்கா கேக்கணும்னா ஏறக்குறைய 10 டெசிபெல் வேணும், அதுக்கு வாட்ஸ் பத்து மடங்கு ஆகணும். அதனால 30க்கும் 50க்கும் நடுவுல மண்டையை ஒடச்சுக்காதீங்க, 84 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் 90 டெசிபெல் ஸ்பீக்கருக்கும் இருக்குற வித்தியாசம் ஆம்ப்பை நாலு மடங்கு பெருசாக்குறதுக்குச் சமம்.

ஆர்எம்எஸ்னு போட்ட எண்ணை மட்டும் பாருங்க, ஆம்ப் தொடர்ந்து குடுக்கக்கூடிய வாட்ஸ் அது. பிஎம்பிஓன்னு 1000, 2000 போட்டிருந்தா அது ஸ்டிக்கர் ஒட்டினவரோட கற்பனை, அப்படியே திருப்பி வச்சிட்டு வந்துடுங்க.

கேள்வி: சின்ன கிளாஸ் டி (சூடு கம்மியா, ரொம்பச் சின்னதா செய்ய முடியுற வகை) ஆம்ப் ஒண்ணு பாத்தேன், உள்ளங்கை அளவுதான் இருக்கு, 100 வாட்ஸ்னு போட்டிருக்கு. நெசமா?

பாதி நெசம். அதுக்குள்ள இருக்குற சிப் அவ்வளவு குடுக்கும், ஆனா எந்த வோல்ட்ல, எந்த ஸ்பீக்கர்லன்னு பெட்டியில போட மாட்டாங்க. இந்த ஆம்ப்புங்களுக்கு அடாப்டர்தான் உயிர். கூட 12 வோல்ட் அடாப்டர் குடுத்திருந்தா 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்ல ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 9 வாட்ஸ்தான் வரும், பேப்பர்ல என்ன எழுதியிருந்தாலும் சரி. அதே ஆம்ப்புக்கு 24 வோல்ட் குடுத்தா கணக்குப்படி 36 வரைக்கும் போகும். அதனால வாங்குறப்ப ஆம்ப் எத்தனை வோல்ட் தாங்கும்னு பாத்து, அதுக்கு ஏத்த, ஆம்பியரும் போதுமான அடாப்டரைப் போடுங்க. டிபிஏ3116னு ஒரு சிப் இந்த வகையில ரொம்பப் பேர் போனது, கம்மிக் காசுக்கு அது போட்ட ஆம்ப்புங்க பெட்ரூமுக்கு நல்லாவே உழைக்குது. சிரிப்பு என்னன்னா, அந்த 9 வாட்ஸே பல ரூமுக்குப் போதும்.

கேள்வி: பெரிய ஸ்பீக்கர்னாதானே பாஸ் வரும்? எத்தனை இன்ச் வாங்க?

நாலுல இருந்து ஆறரை இன்ச் வூஃபர் (பாஸுக்கான பெரிய கூம்பு) வரைக்கும் சரி, எனக்குப் புடிச்சது அஞ்சே கால். அதுக்கு மேல போனா சின்ன ரூம்ல பாஸ் தேங்கி நின்னு மத்த எல்லாத்தையும் முழுங்கிடும். சின்னப் பெட்டின்னா எளக்காரம்னு நெனைக்காதீங்க, பிபிசிக்காரங்க 1970கள்ல ஒளிபரப்பு வேனுக்குள்ள வச்சுக் கேக்குறதுக்குன்னே எல்எஸ்3/5ஏன்னு ஒரு பெட்டியை டிசைன் பண்ணாங்க, ஒசரம் 30 சென்டிமீட்டர் பக்கம்தான் இருக்கும், குரல் அதுல அவ்வளவு இயல்பா இருக்கும்னு இன்னிக்கும் அதைத் தேடி அலையுறவங்க இருக்காங்க. அதுல பாஸ் கம்மிதான், வேணும்னேதான் அப்படி விட்டாங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா, பயமா இருக்கே?

தாராளமா. கம்மிக் காசுல நல்ல சத்தத்துக்கு இதைவிட நேர்வழி கிடையாது, ஆனா போட்டோ பாத்து வாங்காதீங்க, நேர்ல போங்க.

ஸ்பீக்கர்ல மொதல்ல கூம்பைச் சுத்தி இருக்குற வளையத்தைப் பாருங்க. ரப்பர்னா பெரும்பாலும் கவலை இல்ல. ஃபோம்னா பத்து இருவது வருஷத்துல பொடிப்பொடியா உதிரும், விரலால லேசாத் தொட்டாலே தெரிஞ்சிடும். உதிர்ந்திருந்தாலும் புது வளையம் ஒட்டலாம், அதைச் சொல்லியே வெலையைக் கொறைங்க. அடுத்து ரெண்டு கை விரலாலயும் கூம்பை நேரா மெல்ல உள்ள அமுக்குங்க, சரசரன்னு ஒரசுச்சுன்னா உள்ள கூம்பை அசைக்கிற கம்பிச்சுருள் (காயில்) பழுது, வேணாம். ட்வீட்டரும் ஒலிக்குதான்னு காதைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க, பழைய பெட்டியில செத்துப்போறது பெரும்பாலும் அதுதான். ரெண்டு பெட்டியும் ஒரே மாதிரி பேசணும், பேலன்ஸை இடது வலதுன்னு திருப்பித் திருப்பிக் கேளுங்க. விக்கிறவர்கிட்ட ஆம்ப் இல்லயா, ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரிய ஒரு நொடி டெர்மினல்ல தொட்டு எடுங்க, டக்குனு சத்தம் வந்து கூம்பு அசைஞ்சா வூஃபருக்கு உயிர் இருக்கு.

ஆம்ப்ல வால்யூம் திருப்புறப்ப கரகரன்னு வந்தா பயப்படாதீங்க, உள்ள தூசி, கான்டாக்ட் கிளீனர் அடிச்சா பெரும்பாலும் போயிடும். ஒரு பக்கம் அப்பப்ப விட்டு விட்டு வந்தா யோசிங்க. முடிஞ்சா மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போய், பாட்டு எதுவும் ஓடாதப்ப ஸ்பீக்கர் டெர்மினல்ல டிசி வோல்ட் அளந்து பாருங்க, 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழன்னா நிம்மதி, நூறைத் தாண்டி ஏறிக்கிட்டே போச்சுன்னா அது உங்க ஸ்பீக்கர் காயிலை மெல்ல மெல்லச் சுடப் போகுது.

கேள்வி: ஸ்பீக்கர் 4 ஓம்ஸ், ஆம்ப் பின்னாடி 8 ஓம்ஸ்னு போட்டிருக்கு. மாட்டலாமா?

மெதுவா கேட்டா ஓடும், சத்தம் ஏத்தினா ஆம்ப் சூடாகி கட் ஆகும், பழைய ஆம்ப்னா சில நேரம் ஒரேயடியா போயிடும். வேணாம். ஆம்ப் 4 தாங்கும்னு போட்டிருந்து ஸ்பீக்கர் 8ஆ இருந்தா எந்தப் பிரச்சினையும் இல்ல, கொஞ்சம் வாட்ஸ் கொறையும், அவ்வளவுதான்.

கேள்வி: சரி, எங்க வைக்கணும்? ரூம்ல கட்டிலும் பீரோவும் போக எடமே இல்ல.

இங்கதான் விஷயமே இருக்கு. நான் மொத தடவை வாங்கினப்ப ஒரு பெட்டியை பீரோ மேலயும் இன்னொண்ணை ஜன்னல் திண்டுலயும் வச்சேன், எடம் அங்கதான் இருந்துச்சு. மூணு மாசம் கேட்டுட்டு இது குப்பை ஸ்பீக்கர்னு முடிவு பண்ணி வித்துட்டேன். வாங்கினவர் வீட்டுக்குப் போனப்ப அதே பெட்டி அவரோட மேசையில உக்காந்து தேனா பாடிக்கிட்டு இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

ரெண்டு பெட்டியும் நீங்களும் ஒரு முக்கோணம், மூணு பக்கமும் ஏறக்குறைய சமமா இருக்கணும். பெட்டிக்குப் பெட்டி ஒன்றரை மீட்டர்னா உங்களுக்கும் பெட்டிக்கும் ஒன்றரை மீட்டர். ட்வீட்டர் உங்க காது ஒசரத்துல வரணும், ஸ்டாண்டு இல்லன்னா செங்கல்லோ தடிப் புஸ்தகமோ வைங்க, மேசை தாழ்வா இருந்தா முன்பக்கத்தை லேசா தூக்கி ட்வீட்டர் காதைப் பாக்குற மாதிரி சாய்ங்க. ரெண்டு பெட்டியும் ஒரே சொவர் பக்கம், பக்கச் சொவர்ல இருந்து ஒரே தூரம், ஒண்ணு மூலையில ஒண்ணு வெளியிலன்னு வைக்காதீங்க, பாடுறவர் ஒரு பக்கமா நகந்துடுவார்.

பின் சொவருக்குக் கிட்டக் கொண்டு போகப் போக பாஸ் கூடும், மூலையில போட்டா இன்னும் கூடும். இது தப்புன்னு சொல்லல, சின்னப் பெட்டிக்குச் சொவர் ஒரு உதவி. மொதல்ல ஒரு சாண் தள்ளி வைங்க, பாஸ் குமுறுச்சுன்னா இன்னும் முன்னாடி இழுங்க, மெலிஞ்சுச்சுன்னா சொவர் பக்கம் தள்ளுங்க. இழுக்க எடமில்ல, பெட்டியில பின்னாடி ஓட்டை வேற இருக்குன்னா ஒரு ஜோடி சாக்ஸைச் சுருட்டி ஓட்டையில சொருகுங்க. சிரிக்காதீங்க, ஸ்பீக்கர் கம்பெனிக்காரங்களே சில பேர் இதுக்குன்னு பஞ்சுத் துண்டு கூடவே தர்றாங்க.

இப்ப நீங்க உக்கார்ற எடம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும், 3.5 மீட்டர் நீள ரூம்ல 49 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 49 அதிர்வு) பக்கம் ஒரு அலை ரெண்டு சொவருக்கும் நடுவுல கச்சிதமா மாட்டிக்கும். அந்த அலை சொவர் ஓரத்துல முழு பலத்தோட இருக்கும், ரூமோட நட்ட நடுவுல கிட்டத்தட்ட செத்துப் போயிருக்கும். அதனாலதான் நடுவுல உக்காந்தா பாஸே இல்லங்குறீங்க, கட்டில் தலைமாட்டுல சாஞ்சா பாஸ் தலையில இடிக்குதுங்குறீங்க, ரெண்டும் ஒரே ஸ்பீக்கர்தான். ரெண்டு அடி முன்னாடி நகந்து பாருங்க, புது ஸ்பீக்கர் வாங்குன மாதிரி இருக்கும்.

கேள்வி: சொவர்ல முட்டை ட்ரே ஒட்டினா சத்தம் நல்லாகுமாமே?

முட்டை வைக்கலாம். பாஸுக்கு அது ஒண்ணுமே பண்ணாது, மேல் பக்கச் சத்தத்துக்கும் பெருசா ஒண்ணும் பண்ணாது, தூசி அடையும், தீப்புடிச்சா இன்னும் மோசம். பெட்ரூமுக்கு இயற்கையாவே ஒரு அதிர்ஷ்டம் உண்டு, மெத்தை இருக்கு, தலகாணி இருக்கு, தொங்குற துணி இருக்கு. ரூம் நடுவுல நின்னு கை தட்டுங்க, கணீர்னு எதிரொலி ஓடுச்சுன்னா எதிரெதிரா ரெண்டு சொவர் வெறுமையா இருக்குன்னு அர்த்தம், ஒரு பக்கம் கனமான திரையோ புஸ்தக அலமாரியோ வந்தா அடங்கிடும்.

கேள்வி: கூட ஒரு சப்வூஃபர் (பாஸுக்கு மட்டும் தனிப் பெட்டி)?

மொத வருஷம் வேணாம். அந்தக் காசை ஸ்பீக்கர்லயே போடுங்க. அப்புறமும் ஆசை அடங்கலன்னா வாங்கி, 80 ஹெர்ட்ஸுக்கு மேல இருக்குறது அதுக்குப் போகாம கட் பண்ணி, சத்தத்தை சப் இருக்குறதே தெரியாத அளவுக்குக் கொறச்சு வைங்க. எடம் கண்டுபுடிக்க ஒரு கிறுக்கு வழி இருக்கு: சப்பைத் தூக்கி நீங்க உக்கார்ற எடத்துல, கட்டில்னா கட்டில் மேலயே வச்சு, பாஸ் நெறைஞ்ச பாட்டு ஒண்ணை ஓட விட்டு, நீங்க தரையில தவழ்ந்துக்கிட்டே ரூமைச் சுத்துங்க, எந்த எடத்துல பாஸ் தெளிவா, ஒரே சீரா கேக்குதோ அங்க சப்பை வைங்க. கதவைச் சாத்திட்டுப் பண்ணுங்க.

கேள்வி: போன்ல இருந்து ப்ளூடூத் போதுமா, வயர்தான் மாட்டணுமா? டாக் ஒண்ணு வாங்கணும்கிறாங்களே?

ப்ளூடூத் இப்ப மோசமில்ல. எல்லா போன்லயும் இருக்குற எஸ்பிசி கோடெக் (பாட்டைச் சுருக்கி அனுப்புற முறை) நல்லா அமைஞ்சா நொடிக்கு 328 கிலோபிட் அனுப்பும், எல்டாக்ங்குற கோடெக்னா 990 வரைக்கும். மெதுவா கேக்குற பாட்டுக்கு இதுல கொறை கண்டுபுடிக்கிறது கஷ்டம். எனக்கு ப்ளூடூத்ல புடிக்காதது வேற, பாட்டு நடுவுல வாட்ஸாப் டிங்னு அடிக்கிறதும், போனை எடுத்துக்கிட்டு வெளிய போனா பாட்டும் கூடவே விட்டு விட்டுப் போறதும். டிராயர்ல கிடக்குற பழைய போனை எடுத்து, சிம்மைக் கழட்டி, ஆக்ஸ் வயரை (ஹெட்போன் ஓட்டையில சொருகுற வயர்) மாட்டி நிரந்தரமா ஆம்ப் பக்கத்துல விட்டுடுங்க, அதைவிட நல்ல பிளேயர் இந்த பட்ஜெட்ல கிடையாது. போன் வால்யூமை கிட்டத்தட்ட முழுசா வச்சுட்டு ஆம்ப்ல கொறைங்க, போன்ல கொறச்சு ஆம்ப்ல ஏத்தினா இரைச்சலும் சேந்து ஏறும்.

டாக்னா டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்குப் போற கரண்ட் சிக்னலா மாத்துற டப்பா. உங்க போன்லயும் லேப்டாப்லயும் ஏற்கனவே ஒண்ணு உள்ள இருக்கு. லேப்டாப்ல மவுஸ் நகத்துனா கீச் கீச்னு கேக்குது, இல்லாட்டி ஹெட்போன் ஓட்டையே இல்லன்னா வாங்குங்க, அதுவும் யுஎஸ்பியில சொருகுற சின்ன டாங்கிளே போதும். மத்தபடி அவசரமே இல்ல.

கேள்வி: ஹை-ரெஸ் ஃபைல் (சிடியை விட நுணுக்கமா பதிஞ்சதுன்னு விக்கிற பாட்டு ஃபைல்) வேணுமா?

சிடி 1982ல வந்தப்பவே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அது 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேல வரைக்கும் புடிச்சிடும், நம்ம காது வயசாக ஆக அதுக்கு ரொம்பக் கீழயே நின்னுடும். 320 கிலோபிட் எம்பி3யையும் சிடியையும் பேரைப் பாக்காம பிரிச்சுச் சொல்ல முடியுதான்னு ஒரு நாள் உக்காந்து பாருங்க. நான் பாத்தேன், சொல்ல வெக்கமா இருக்கு.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் எது வாங்க?

வீட்டு வயரிங்குக்குப் போடுற, இழை இழையா இருக்குற ஒன்றரை ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். மூணு மீட்டருக்குப் போய்த் திரும்பி வர்றதுக்கு மொத்தத் தடை 0.07 ஓம் பக்கம்தான், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்ல. அலுமினியத்துல செம்பு முலாம் பூசுன வயரைச் செம்புன்னு சொல்லித் தள்ளுவாங்க, நறுக்கின முனையைப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா அதுதான்.

மாட்டுறப்ப பிளஸ் பிளஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு, ரெண்டு பெட்டியிலயும். ஒண்ணுல மாறிப் போனாலும் பாட்டு வரும், அதனாலயே யாருக்கும் சந்தேகம் வராது, ஆனா பாஸ் காணாமப் போகும், பாடுறவர் நடுவுல நிக்காம ரூம் பூராவும் பரவிடுவார். ஸ்பீக்கர் சரியில்லன்னு என்கிட்ட வந்த கேஸ்ல பாதிக்கு மருந்து வயரைத் திருப்பி மாட்டுனதுதான்.

கேள்வி: வெலை கூடக் கூட சத்தம் நல்லா இருக்குமா?

கொஞ்ச தூரம் வரைக்கும் ஆமா, அப்புறம் ரொம்ப மெதுவா. கண்ணு பண்ற வேலையும் இதுல இருக்கு. ஹார்மன் கம்பெனியில ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு பேர் 1994ல ஒரு சோதனையை வெளியிட்டாங்க, அதே ஆளுங்களுக்கு அதே ஸ்பீக்கருங்களை ஒரு தடவை கண்ணால பாக்க விட்டும் ஒரு தடவை திரைக்குப் பின்னால மறைச்சும் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னா, மார்க் மாறிப் போச்சு. பெருசா அழகா இருந்த பெட்டிங்களுக்குப் பாக்குறப்ப விழுந்த மார்க், மறைச்சப்ப விழல. அவங்க எல்லாம் அதே தொழில்ல இருக்குற ஆளுங்க வேற. அதனால கடையில கேக்குறப்ப கண்ணை மூடிக்கோங்க, ரெண்டு பெட்டியையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லுங்க, ஏன்னா கொஞ்சம் சத்தமா இருக்குறது எப்பவும் நல்லா இருக்குற மாதிரியே தெரியும், விக்கிறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். எடுத்துட்டுப் போற பாட்டு உங்களுக்கு மனப்பாடமான பாட்டா இருக்கட்டும்.

கேள்வி: நூறு மணி நேரம் ஓட்டினாத்தான் ஸ்பீக்கர் பழகும்கிறாங்களே?

பழகுறது உங்க காது. திருப்பிக் குடுக்குற தேதி தாண்டுற வரைக்கும் காத்திருக்காதீங்க.

கேள்வி: ஈக்வலைசர் (பாஸ், நடு, மேல் சத்தத்தைத் தனித்தனியா ஏத்தி எறக்குறது) தொடலாமா? அது பாவம்ங்குற மாதிரி சொல்றாங்க.

சும்மா தொடுங்க. விண்டோஸ்னா ஈக்வலைசர் ஏபிஓன்னு ஒண்ணு இலவசமாவே கிடைக்குது, போன்லயும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும். ஒரே விதிதான், ஏத்தாதீங்க, கொறைங்க. ரூம்ல ஒரு எடத்துல பாஸ் குமுறுனா அந்த 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் நாலஞ்சு டெசிபெல் எறக்குங்க. எங்கயாச்சும் பள்ளமா இருக்குன்னு ஏத்த ஆரம்பிச்சீங்கன்னா ஆம்ப்தான் மூச்சு வாங்கும், பள்ளம் அப்படியே இருக்கும், ஏன்னா ரூமே அந்தச் சத்தத்தை அடிச்சுக் கொல்லுது.

கேள்வி: ராத்திரி மெதுவா வச்சா பாட்டு சப்புன்னு இருக்கு, ஏன்?

காதோட குணம் அது. சத்தம் கொறையக் கொறைய நமக்கு பாஸ் மத்ததை விட வேகமா காணாமப் போகும், பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே இதை அளந்து வச்சிட்டாங்க. பழைய ஆம்ப்ல லவுட்னெஸ்னு ஒரு பட்டன் இருக்குறது இதுக்குத்தான், சத்தம் கம்மியா இருக்குறப்ப பாஸை ஏத்திக் குடுக்கும். ஏத்தாதேன்னு மேல சொன்னது இதுக்குப் பொருந்தாது, மெதுவா கேக்குறப்ப ஆம்ப்ல கையிருப்பு நெறைய இருக்கு. பகல்ல மறக்காம அணைச்சிடுங்க.

கேள்வி: சின்ன ஆம்ப் பெரிய ஸ்பீக்கரை எரிச்சிடுமாமே?

ஆம்ப் சின்னதுங்குறதால எரியாது, அதைக் கதற விடுறதால எரியும். தாங்குற அளவுக்கு மேல திருப்பினா அலையோட தலை வெட்டுப்பட்டு, இல்லாத உயர் ஒலி எல்லாம் பொறந்து ட்வீட்டருக்குப் போகும், அந்த மெல்லிசுக் காயிலுக்கு அவ்வளவு சூடு தாங்காது. குரல் கிழியுற மாதிரி கேட்ட உடனே கொறைங்க. அவ்வளவு சத்தம் உங்க காதுக்கும் ஆகாது, 85 டெசிபெல்னா நாளைக்கு எட்டு மணி நேரம்தான் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரம் பாதியாகும்.

கேள்வி: ரெக்கார்டு பிளேயர் வாங்கி மாட்ட ஆசையா இருக்கு.

ஆசை புரியுது, ஆனா மொத செட்ல வேணாம். ஊசியில இருந்து வர்றது அஞ்சு மில்லிவோல்ட் அளவுக்குத்தான், அதைத் தூக்கி விட ஃபோனோ ஸ்டேஜ் தனியா வேணும், ரெக்கார்டுக்குத் தனியா காசு போகும், ஸ்பீக்கர் வச்ச மேசையிலயே வைக்கவும் முடியாது, ஆட்டம் ஊசிக்குப் போய் ஊம்னு கத்தும். ஒரு வருஷம் போகட்டும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாச்சு, பாட்டு ஓடாதப்ப உர்ர்ர்னு ஒரு சத்தம் வருது. ஆம்ப் போச்சா?

பெரும்பாலும் இல்ல. மொதல்ல ஆக்ஸ் வயரை ஆம்ப் பக்கம் கழட்டுங்க. சத்தம் நின்னா ஆம்ப் நல்லா இருக்கு, கோளாறு அந்தப் பக்கம். போன் சார்ஜ்ல இருக்கா, சார்ஜரைப் புடுங்கிப் பாருங்க. லேப்டாப்னா அடாப்டரைக் கழட்டி பேட்டரியில ஓட்டிப் பாருங்க, அப்ப நின்னா அது எர்த் சுத்திக்கிட்டு வர்ற கரண்ட்டோட சத்தம், லேப்டாப்பையும் ஆம்ப்பையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டினாலே பல தடவை அடங்கிடும், அடங்கலன்னா நடுவுல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க. எர்த் பின்னை மட்டும் உடைக்காதீங்க, யார் சொன்னாலும் சரி, சத்தம் நிக்கும், ஆனா ஆம்ப்ல பழுது வந்தா கரண்ட்டு உங்க கை வழியாத்தான் போகும். வயரைக் கழட்டியும் நிக்கல, வால்யூமைத் திருப்பினாலும் கூடாம கொறையாம ஒரே மாதிரி உறுமுதுன்னா அது பழைய ஆம்ப்னு வைங்க, உள்ள கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்கும். அதை நீங்களா தொறக்காதீங்க, பிளக்கை எடுத்த பிறகும் உள்ள கரண்ட்டு நிக்கும், ரிப்பேர் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட குடுத்து மாத்தச் சொல்லுங்க.